கீறல் விழாத கார்

"மாமா சாயங்காலம் ஊர்லேர்ந்து வந்துடுவாரே. என்ன சொல்றது அத்தை?"

மருமகள் ரிவர்ஸ் எடுக்கும்போது கேட் தூணில் உரசி, காரின் இடப்பக்கக் கதவில் கையகலத்துக்குப் பெயின்ட் உரிந்திருந்தது. "வாங்கின நாள்லேர்ந்து இதுல ஒரு கீறல் விழுந்ததில்ல" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெருமையடித்துக்கொள்பவர் மாமா.

மாமியார் உள்ளே போய், புடவை அடுக்குக்கு அடியிலிருந்து ஒரு பையை எடுத்து வந்தார். உப்புத்தாள், பள்ளம் அடைக்கும் பட்டி, காரின் அதே நீலத்தில் பாதி தீர்ந்த பெயின்ட் டப்பா.

"அத்தை, நீங்களுமா?"

"பேசாம தேய். தண்ணி தொட்டுத் தேய்."

மருமகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாதி பயம் போனது. தேய்க்கத் தேய்க்க, நீலத்துக்கு அடியில் தகரம் வரவில்லை; பழைய பட்டிதான் வந்தது.

"நல்லாத்தான் பூசியிருக்கீங்க அத்தை. வெளியில தெரியவே இல்ல."

மாமியார் குனிந்து பார்த்தார். அந்த இடத்தை விரலால் மெல்லத் தடவினார்.

"நான் இடிச்சது அந்தப் பக்கக் கதவும்மா."

மாமியார் உப்புத்தாளை வாங்கித் தானே தேய்க்க ஆரம்பித்தார்.

"பாவம் உன் மாமா. யார்கிட்டயும் சொல்லாம, ஒத்தையா உக்காந்து பூசியிருக்கார்."