பாதி வால் மீன்

ஊர்ச் சாக்கடைத் தண்ணீரெல்லாம் சுத்திகரிப்பு நிலையத்தில் சுத்தமாகி ஆற்றில் இறங்கும் மதகு அக்காவின் பொறுப்பு. முன்பு அப்பாவின் பொறுப்பு. அவர்கள் திறந்துவிட்ட தண்ணீரில் ஒரு மீன்கூடச் செத்து மிதந்ததில்லை. அந்தப் பெயர்தான் அவர்கள் வீட்டுச் சொத்து.

திறக்கும் முன், தண்ணீரை மீன்கள் நீந்தும் கண்ணாடித் தொட்டிவழி ஓடவிட்டுப் பார்ப்பது அப்பா வைத்த வழக்கம்.

அன்று நல்ல மழை. மோட்டார் அறையிலிருந்து தம்பி ஓடிவந்தான். "அக்கா, மேல வழியப்போகுது. குளோரின் மீட்டர் சரியாத்தான் காட்டுது. மதகைத் தொற!"

அக்கா தொட்டியைப் பார்த்தாள். அவள் விட்டவை ஐந்து மீன்கள். உள்ளே ஆறு நீந்தின. ஆறாவதற்குப் பாதி வால். அது அப்பா வளர்த்தது. பல ஆண்டுகளுக்கு முன், அவர் இறந்த அன்று, அவளே அதை ஆற்றில் விட்டிருந்தாள்.

"தொறக்க மாட்டேன். உபரித் தொட்டிக்குத் திருப்பு."

"மேலதிகாரி கேட்டா மீனா வந்து பதில் சொல்லும்?"

"அப்பா பேருக்கு நான் பதில் சொல்லிக்கிறேன். போடா!"

சற்று நேரத்தில் மற்ற ஐந்தும் மேலே வந்து வாயைப் பிளந்தன. அக்கா அவற்றை நல்ல தண்ணீர் வாளிக்கு மாற்றினாள். குளோரின் குழாய் மூடாமல் சிக்கியிருந்தது. மீட்டரும் பழுது. தம்பி இரண்டையும் சரிசெய்தான்.

மாலையில் மதகு திறந்தது. தொட்டி காலியாக இருந்தது; வாளியில் ஐந்தே மீன்கள். ஆற்றில், புதுத் தண்ணீர் விழுமிடத்தில், அவர்களைப் பார்த்தபடி பாதி வால் மீனொன்று அசையாமல் நின்றது.

அக்கா நிமிர்ந்து நின்றாள். தம்பி, திறந்துகிடந்த சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டான்.

அதன் பிறகே அது திரும்பிப் போனது.