பக்கத்திலேயே ஒரு சார்ஜர்

குகன் மின்சாரக் கார் வாங்கியதிலிருந்து உஷாராணிக்கு வயிறு எரிந்துகொண்டிருந்தது. கிள்ளானில் அவர்கள் வீட்டருகே சார்ஜர் கிடையாது. பக்கத்து ஊரான ஷா ஆலம் போய்ச் சார்ஜ் போட்டுவிட்டு வரும் கணவன், வீட்டுச் சாப்பாட்டைத் தொடுவதே இல்லை.

“சார்ஜ் ஏறுற வரைக்கும் சும்மாவா உட்கார்றது? பக்கத்துலயே ராஜினி கடை. அப்பம்னா அதுதான் லா.”

அவன் கடைசியில் இழுத்த அந்த ‘லா’வில் வழிந்த தேன் அவளைத் தூங்கவிடவில்லை.

அடுத்த தெருவில் புது சார்ஜர் நிலையம் எழும்பத் தொடங்கியதும், காய்கறி வாங்கப் பாசாருக்குப் போகும்போதெல்லாம் நின்று வேலையாளிடம் விசாரித்தாள்.

“இன்னும் எவ்வளவு நாள், பாஸ்?”

“கம்பம் நட்டு, கூரை போட்டு, அப்புறம்தான் கரண்ட் வரும். எங்க சூப்பர்வைசர்கூட இவ்வளவு கேட்கமாட்டாரு அக்கா.”

அவள் விடவில்லை. கம்பம் நட்டதையும் கூரை போட்டதையும் படமெடுத்துக் குகனுக்கு அனுப்பினாள். ‘இனி ஷா ஆலம் போகவேண்டாம்.’

திறந்த அன்று அவளும் காரில் ஏறிக்கொண்டாள். சார்ஜரில் பச்சை விளக்கு எரிந்ததும் மனம் குளிர்ந்தது.

அதையொட்டி ஒரு புதுக் கூடாரம் நின்றது. ‘ராஜினி அப்பக் கடை, கிள்ளான் கிளை.’

அப்பச் சட்டியைச் சுழற்றிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து சிரித்தாள்.

“வாங்க அக்கா. நீங்க அனுப்புற படத்தையெல்லாம் அண்ணன் சாப்பிட்டுக்கிட்டே காட்டுவாரு. அதைப் பார்த்துத்தான் முதல் ஆளா இந்த இடத்தைப் பிடிச்சேன்.”