பொன்னாடை சுமந்தவர்

கள்ளக்குறிச்சியில் நடந்த ஆய்வுக் கூட்டத்தில், அடிவாரப் பள்ளித் தலைமையாசிரியர் ஆதிமூலத்தை அதிகாரி எழுப்பி நிற்க வைத்தார்.

"பத்தாவதுல மலைப் பள்ளிக்கூடம் நூத்துக்கு நூறு. ஒங்க பள்ளிக்கூடத்துல மூணு பெயிலு. அந்தப் பேருங்கள வாசிங்க, சபை கேக்கட்டும்!"

"இருசப்பன், அம்மாசி, கொளஞ்சியம்மாள்." இழவுச் செய்தி சொல்வதுபோல் ஆதிமூலம் வாசித்தார். சபை திவ்யமாகக் கேட்டது.

மலைப் பள்ளித் தலைமையாசிரியை அமிர்தம் பஸ் கிடைக்காமல் வரவில்லை. அவருக்காக வாங்கிய பொன்னாடையை அதிகாரி ஆதிமூலத்தின் கையில் திணித்தார்.

"நீங்களே கொண்டும்போய்க் குடுங்க. அப்படியே அந்தம்மா எப்படி சாதிச்சாங்கன்னு கேட்டு எழுதிக்கினு வாங்க."

மறுநாள் கல்வராயன் மலை பஸ்ஸில் குலுங்கிக் குலுங்கிப் போய், தோற்றவர் ஜெயித்தவரிடம் பொன்னாடையைக் கொடுத்தார். நோட்டைத் திறந்தார்.

"ரகசியம் இன்னாங்க மேடம்?"

அமிர்தம் கூச்சத்தோடு சிரித்தார்.

"பெருமையெல்லாம் ஒங்களுக்குத்தாங்க சார். ஒம்பதாவதுல தேறாத புள்ளைங்களுக்கும் பாஸ் போட்டு, டி.சி. குடுத்து கீழ அனுப்புனேன். நீங்க ஒரு வார்த்தை கேக்காம பத்தாவதுல சேத்துக்கினீங்க. அதுங்க இங்கயே இருந்தா எங்களுக்கு ஏதுங்க நூறு?"

ஆதிமூலத்தின் பேனா நின்றது.

"ஆமா சார், இருசப்பன், அம்மாசி, கொளஞ்சியம்மா... மூணும் பாஸாயிடுச்சிங்களா?"

ஆதிமூலம் பேனாவை மறுபடி நோட்டில் வைத்தார். அதிகாரி கேட்ட குறிப்பை மட்டும் மறக்காமல் எழுதிக்கொண்டார்:

'வரும் ஜூனுக்குள், ஒரு வார்த்தை கேட்காமல் சேர்த்துக்கொள்ளும் பள்ளிக்கூடம் நமக்குப் பக்கத்தில் எது என்று விசாரிக்கவும்.'