இந்த வருஷம் ஆட்டம் இல்லை

“முட்டி வலி. இந்த வருஷம் ஆட்டம் இல்லை. அடுத்த வருஷம் பாப்போம்.”

விஜயன் வாட்ஸ்அப் குழுவில் போட்டதைப் படித்ததும் லியனார்டுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முட்டி வலியாம், யாரிடம் கதை விடுகிறான்.

எல்லாரும் கோலாலம்பூரில், பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் ஒன்றாக வளர்ந்தவர்கள். குவார்ட்டர்ஸ் போய் அங்கே அடுக்குமாடிக் கொண்டோ வந்துவிட்டது. ஆனாலும் கிறிஸ்துமஸுக்கு முந்தின சனிக்கிழமை கூடி ஹாக்கி ஆடாமல் விட்டதில்லை. கொஞ்ச வருஷமாக ஏற்பாடெல்லாம் விஜயனுடையது. காலில் அட்டைப்பெட்டியைக் கட்டிக்கொண்டு நின்ற காலத்திலிருந்தே லியனார்ட்தான் கோல்கீப்பர். வராதவனை விடவே மாட்டார்கள். மட்டையும் கையுமாக வீட்டுக்கே போய்க் கதவைத் தட்டி இழுத்து வருவார்கள். அந்த ஒரு நாள் வயசே மறந்துபோகும். அதற்காகவே வருஷம் முழுக்கக் காத்திருப்பான் அவன்.

முந்தின நாள்தான் விஜயனுக்கு மட்டும் போன் செய்து, யாரிடமும் சொல்லாததைச் சொல்லியிருந்தான். தனக்கு எச்ஐவி. நுரையீரல் தொற்றுக்குக் கொடுத்த மாத்திரையால், டெங்கியில் இறங்குமே, அப்படிப் பிளேட்லெட் இறங்கிவிட்டது. டாக்டர் மாத்திரையை மாற்றிவிட்டார். ஏறுகிறவரை அடிபட்டால் ரத்தம் லேசில் நிற்காது. இந்த வருஷம் நான் வரமாட்டேன், மற்றவர்களிடம் ஏதாவது சொல்லிச் சமாளி என்று கெஞ்சியிருந்தான்.

மறுநாளே ஆட்டம் இல்லையாம். இனிமேல் எங்கள் பக்கமே வராதே என்று முகத்துக்கு நேரே சொல்லத் தைரியமில்லாமல் மொத்தக் கூட்டத்தையே கலைத்துவிட்டான். இத்தனை வருஷச் சிநேகிதம் இவ்வளவுதானா என்று நினைக்க, லியனார்டுக்கு அழுகையே வந்துவிட்டது.

நேரே சாலாக் செலாத்தானில் இருக்கும் விஜயன் வீட்டுக்குக் காரை விட்டான். முட்டி வலிக்காரர் ஏணியில் ஏறி மாங்காய் பறித்துக்கொண்டிருந்தார்.

“என்னைப் பாக்க பயமா இருந்தா நேரா சொல்லிருக்கலாம்லா,” என்றான் லியனார்ட்.

விஜயன் இறங்கி வந்தான். “நீ மட்டும் வரலைன்னா அவனுங்க சும்மா விடுவானுங்களா? உன் வீட்டு வாசல்ல வந்து நிப்பானுங்க. ஆட்டமே இல்லைன்னா யாரு வருவா?”

“அதுக்காக எல்லாரோட ஆட்டத்தையும் கெடுப்பியா?”

விஜயன் கையிலிருந்த மாங்காயைக் கீழே வைத்தான்.

“எனக்கும் உனக்கு இருக்கிறதுதான் மச்சான். முன்ன ஒரு வருஷம் ஆட்டத்துக்கு வரலை, ஈப்போவுக்குப் போறேன்னு சொன்னேன்ல, போகலை. இதே மாத்திரை, இதே பிளேட்லெட். நீங்க நம்பாம வந்துட்டீங்க. கதவைச் சாத்திட்டு சத்தம் காட்டாம உள்ள உட்காந்திருந்தேன். எல்லாரும் போனப்புறமும் வெளியே நின்னு தட்டிக்கிட்டே இருந்தது நீதான்லா.”