கோலிக்குண்டு நிற்கும் உயரம்

"என்னங்க இது, கம்பத்துக்குச் சட்டை தெச்சிருக்கீங்களா?"

"சட்டை இல்ல, அச்சு. கேலி பண்ணாம அந்த ரம்பத்தை எடு."

அண்ணி சிரிப்பை அடக்கிக்கொண்டு ரம்பத்தை எடுத்துக் கொடுத்தாள். பக்கத்து வீட்டிலிருக்கும் கொழுந்தன் கூப்பிட்டுக் கூப்பிட்டு, தெருவுக்கே அவள் அண்ணியாகிவிட்டாள். அவள் கணவரும் அப்படித்தான், எல்லோருக்கும் அண்ணன்.

சட்டை என்று அவள் சொன்னது, நாலு பிளைவுட் துண்டுகளைச் சேர்த்து அடித்த, மேலும் கீழும் திறந்த ஒரு பெட்டி. கம்பத்தின் தலை வழியாக மாட்டி, வேண்டிய உயரத்தில் இறுக்கி, பெட்டியின் மேல்விளிம்பை ஒட்டியே ரம்பத்தை ஓட்டினால் வெட்டு மட்டமாக வரும். இரண்டு நாள் சோறு தண்ணி மறந்து அதைச் செய்திருந்தார்.

இத்தனைக்கும் காரணம் ஒரு கோலிக்குண்டு. இருபது நாளைக்கு முன்னால், சொந்தக்காரர்கள் நிறைந்திருந்த கூடத்தில் தம்பி வாயைத் திறந்தான். "எங்கண்ணன் அடிச்ச அலமாரியில ஒரு கோலிக்குண்டை வெச்சுப் பாருங்க. உருண்டு போய்த் தெருமுனை மருந்துக்கடையிலதான் நிக்கும்."

கூடமே சிரித்தது. அண்ணனுக்கு மூக்குக்கு மேல் கோபம். அன்றோடு அண்ணன் தம்பி பேச்சு நின்றது. இரண்டு வீட்டுக்கும் நடுவே திறந்து கிடந்த இடத்தில் ஐந்து மரக் கம்பங்கள் முளைத்தன. தம்பி முகத்தில் முழிக்க முடியாதபடி ஆள் உயர வேலி. அதுவும் இம்மி பிசகாத வேலி, அவன் வாயைப் பிளக்க வேண்டும்.

அண்ணிக்குத்தான் இந்த வேலி பிடிக்கவில்லை. அந்த இடத்தில் நின்று ஓரகத்தியோடு நாலு வார்த்தை பேசாவிட்டால் அவளுக்குப் பொழுது போகாது. அதைவிட, தம்பியின் மகள், மூன்று வயது வாண்டு, எழுந்ததும் எழாததுமாக "பெரிம்மா" என்று ஓடி வருகிற வழி அது. சொல்லிப் பார்த்தாள், கெஞ்சிப் பார்த்தாள். மனிதர் மசியவில்லை.

அதனால்தான் இன்று காலை, அண்ணன் குளிக்கப் போன சமயம் பார்த்து, ஒரு காலண்டர் அட்டையை நாலாக மடித்துப் பெட்டியின் உள்மூலையில் ஒட்டிவிட்டாள். பெட்டி கோணினால் வெட்டும் கோணும். வெட்டு கோணினால் இன்னும் கீழே இறக்கி அறுத்தாக வேண்டும். முதல் கம்பம் எந்த உயரமோ, மற்ற நாலும் அதே உயரம். நெஞ்சு உயரத்துக்கு வந்ததும் அட்டையை உருவிவிட்டால் தீர்ந்தது.

அண்ணன் முதல் கம்பத்தை ஆள் உயரத்தில் அறுத்தார். சட்டைப் பையிலிருந்து கோலிக்குண்டை எடுத்துக் கம்பத்தின் தலையில் வைத்தார். அது ஒரு நொடி யோசித்துவிட்டுக் கீழே குதித்தது.

"குண்டுக்கு இடம் பிடிக்கல போல," என்றாள் அண்ணி.

"ரம்பம் சறுக்கிடுச்சு. அரை அடி இறக்கி அறுத்துடலாம்."

இரண்டு விரல் இறக்கினாலே போதும். மனிதர் அவசரக்காரர், அதுவும் நல்லதற்குத்தான் என்று நினைத்துக்கொண்டு அவள் டீ போடப் போனாள்.

திரும்பி வந்தபோது அண்ணன் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அண்ணி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவசரமாகக் கிட்டே வந்தாள்.

"என்ன... என்ன பார்க்கிறீங்க?"

"ஒரு ஸ்க்ரூ ஆடுச்சு. முடுக்கிட்டேன்."

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

இரண்டாவது வெட்டு. குண்டு விழுந்தது. மறுபடி அரை அடி. மூன்றாவது வெட்டிலும் குண்டு நிற்கவில்லை. அதற்குள் கம்பம் தம்பியின் கழுத்து உயரத்துக்கு இறங்கியிருந்தது. தன் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தவன், அண்ணனைப் பார்க்காமல் குரல் கொடுத்தான்.

"அண்ணி, மருந்துக்கடையில ஏதாவது வாங்கணுமா? குண்டு அந்தப் பக்கம்தான் போகுது, சொல்லி அனுப்புங்க!"

உள்ளேயிருந்து ஓரகத்தியின் சிரிப்புச் சத்தம் கேட்டது. இவர் ரம்பத்தைத் தூக்கி எறியப் போகிறார் என்று அண்ணி பயந்தாள். அண்ணன் எறியவில்லை. காது மட்டும் சிவந்தது. குனிந்து குண்டைப் பொறுக்கித் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

"இன்னும் அரை அடி," என்றார்.

நாலாவது வெட்டிலும் குண்டு விழுந்தபோது, கம்பம் அண்ணியின் நெஞ்சு உயரத்துக்கு வந்திருந்தது. அவளுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. பாவம், ஆசை ஆசையாகச் செய்த பெட்டி. தம்பி எதிரில் இப்படித் தலைகுனிய வைத்துவிட்டோமே என்றிருந்தது. போதும், அடுத்த வெட்டு மட்டமாக வந்து அவர் ஜெயிக்கட்டும்.

"வேர்த்துக் கொட்டுது பாருங்க. போய் முகம் கழுவிட்டு வாங்க."

அண்ணன் குழாயடிக்குப் போனதும் அவசரமாகப் பெட்டிக்குள் கையை விட்டாள். அட்டை இல்லை. அது இருந்த மூலையில், அதே கனத்தில், வழவழவென்று இழைத்த ஒரு மரத்துண்டு ஸ்க்ரூ போட்டு முடுக்கப்பட்டிருந்தது.

"அதைக் கழட்டிடாதே," என்றார் அண்ணன், குழாயடியிலிருந்து திரும்பாமலே. "உன் அட்டை முதல் வெட்டுலயே நசுங்கிப் போச்சு. இன்னும் அரை அடி இறங்கணும், பாப்பாவைத் தூக்கி வாங்க இந்த உயரம் சரிப்படாது."