வஞ்சிரக் கம்பி

ஆரோக்கியசெல்வி கைக்குட்டை முடிச்சை அவிழ்த்து மேஜைமேல் கொட்டினாள். வெள்ளைப் பாசிமணிகள் நாலு பக்கமும் ஓடின. நடுவில் பட்டையில்லாத கைக்கடிகாரம் மல்லாந்து கிடந்தது.

"மறுபடியும் அறுந்துபோச்சு" என்றாள்.

சாலமன் இரண்டு கையாலும் அணை கட்டிப் பாசிகளைப் பிடித்தான். இது மூன்றாவது முறை. அவனுக்குக் காது சுட்டது.

பக்கத்து மேஜையில் செல்போன் பழுது பார்த்துக்கொண்டிருந்த சேட்டு நிமிராமலே கேட்டான். "ஏம்பா, நீ பாசி கோக்கறது நூல்லயா, இடியாப்பத்துலயா?"

கடை சேட்டுவுடையது. ஒரு மேஜை மட்டும் சாலமனுக்கு. பாசி கோத்துப் பட்டை கட்டி, மிஷினைப் பொருத்தி, கைக்கடிகாரம் செய்து விற்கிறான். செல்வி அதில் ஒன்றை வாங்கி, கையில் கட்டிக்கொண்டு உப்பளத்தில் உப்பு வாருகிறாள்.

"எங்க அறுந்துது?"

"பாத்தியில. உப்பு வாரும்போது."

சாலமன் பாசிகளைத் தட்டில் அடுக்கிப் பார்த்தான். ஒன்றுகூடக் குறையவில்லை. வெள்ளை உப்பில் விழுந்த வெள்ளைப் பாசியை எல்லாம் பொறுக்கி எடுத்திருக்கிறாள். இவ்வளவு பொறுமைசாலிக்கா இப்படியொரு பட்டையைக் கட்டிக் கொடுத்தோம் என்று மனசு கூசியது.

"வேலை முடிஞ்சதும் ஈரத் துணியால தொடைக்கணும். அப்புறம் காஞ்ச துணி. பின்மூடி ஓரத்துல ஒரு சொட்டு தேங்காண்ணெய். போன தரமே சொன்னேனே."

"மறந்துட்டேன். இன்னொரு தரம் சொல்லுங்க."

சொன்னான்.

"தொடைக்கறது எப்படி? செஞ்சு காட்டுங்க."

செய்து காட்டினான். சேட்டு ரொம்ப நேரம் இருமினான்.

சாலமனின் கவலை வேறு. ஆரோவில் சாலையில் கடை வைத்திருக்கும் சந்தியா சனிக்கிழமை வருகிறாள். பட்டை உப்புக்குத் தாங்கினால், அவன் செய்வதையெல்லாம் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தாள். தாங்காவிட்டால் திங்கட்கிழமை ஒரகடத்துக்கு பஸ் ஏற வேண்டியதுதான். அண்ணன் அங்கே ஒரு கம்பெனியில் அவனுக்கு இடம் பிடித்து வைத்திருந்தான்.

செல்வியின் கைதான் சோதனை. அதை அவளிடம் அவன் சொல்லவில்லை. சொன்னால் பத்திரமாகக் கட்டுவாள். அப்புறம் அது என்ன சோதனை?

அன்று சாயங்காலமே எக்கியார்குப்பம் போய், படகு வைத்திருக்கும் அக்கா புருஷனிடம் கம்பி வாங்கி வந்தான். வஞ்சிர மீன் நைலான் நரம்பைக் கடித்து அறுத்துவிடும் என்று தூண்டில் முள்ளுக்கு மேலே கட்டுகிற மெல்லிய எவர்சில்வர் முறுக்குக் கம்பி. அது நுழையாத பாசிகளை ஒதுக்கிவிட்டு, பெரிய துளை உள்ளதாகத் தேடித் தேடிக் கோத்தான். விரல் நுனி புண்ணானது.

மறுநாள் அவனே அவள் மணிக்கட்டில் கட்டிவிட்டான்.

"இனிமே அறுந்துதுன்னா என் பேரை மாத்திக்கறேன்."

"அறுந்தே போவாதா?"

"போவாது."

"உப்புல ஊறினாலும்?"

"வஞ்சிரம் கடிச்சாலும்."

அவள் முகம் சட்டென்று வாடியது. "சரிங்க" என்று சொல்லிவிட்டு நடந்தாள். மூன்று முறை ஏமாந்தவள் எப்படி நம்புவாள் என்று சாலமன் நினைத்துக்கொண்டான்.

அப்புறம் அவள் வரவேயில்லை. கம்பி தாங்குகிறது என்று அர்த்தம். குதிக்க வேண்டியவன், வெளியே செருப்புச் சத்தம் கேட்டபோதெல்லாம் எட்டிப் பார்த்தான்.

"அறுந்தாலும் மூஞ்சியத் தொங்கப் போடற, அறாட்டியும் தொங்கப் போடற. இன்னாதான்டா வேணும் உனக்கு?" என்றான் சேட்டு.

சாலமனுக்கும் தெரியவில்லை.

சனிக்கிழமை சந்தியா ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். மேஜையிலிருந்த கடிகாரம் ஒன்றை எடுத்து, பட்டையை இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தாள். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

"அழகா இருக்குது. இழுத்தாலும் தாங்குது. ஆனா உப்புக்கு? போட்டுப் பாத்தவங்க யாராச்சும் சொல்லணும்."

"அதோ வர்றாங்க" என்றான் சேட்டு.

செல்வி உப்பளத்திலிருந்து நேராக வந்துகொண்டிருந்தாள். முழங்கால் வரை உப்புப் பூத்திருந்தது. நடையில் கோபம் தெரிந்தது. மணிக்கட்டில் கடிகாரம் இல்லை. கையில் அதே கைக்குட்டை, அதே முடிச்சு.

சாலமனுக்கு ஒரகடம் பஸ் கண்ணெதிரே வந்து நின்றது.

"இவங்கதானா?" என்றாள் சந்தியா. "என்னம்மா, பட்டை அறுந்துபோச்சா?"

செல்வி அவளைக் கவனிக்கவில்லை. சாலமனை மட்டும் முறைத்துக்கொண்டு முடிச்சை அவிழ்த்து மேஜைமேல் கவிழ்த்தாள். பாசி எதுவும் ஓடவில்லை. கடிகாரம் முழுசாக விழுந்தது, சரியான நேரத்தைக் காட்டிக்கொண்டு. பட்டையின் ஓரத்தில் மட்டும் இரண்டு பாசிகள் மூளியாகியிருந்தன. அந்த இடத்தில் கம்பி, கீறல் கீறலாகப் பளபளத்தது.

செல்வி கடிகாரத்தை அவன் பக்கம் தள்ளினாள்.

"பிளேடு, கத்தி, அருவாமனை, ஒண்ணுத்துக்கும் ஆவல. இதை எப்படிங்க அறுக்கறது?"