நசுங்காத எலுமிச்சம்பழங்கள்

முப்பது வருஷம் முதலாளி வீட்டுக்கு ஓட்டிய பெரிய வெளிநாட்டுக் கார், ஓடாமல் நின்றுபோன பிறகுதான் வீரபாகுவுக்குச் சொந்தமானது. தன் கைக்கு அது அடங்கும் என்று நம்பி, லாரியில் கட்டி இழுத்து வந்தார். வழக்கப்படி நான்கு சக்கரத்தடியிலும் எலுமிச்சம்பழம் வைத்து, மனைவி தனபாக்கியத்தைப் பின்சீட்டில் ஏற்றிச் சாவியைத் திருப்பினார். வண்டி இருமக்கூட இல்லை. வைத்த பழத்தை நசுக்காமல் எடுக்கக் கூடாதே என்று அப்படியே விட்டார்கள். ஆறு மாதத்தில் அவை கறுத்துச் சுருங்கிவிட்டன.

இன்று மெக்கானிக் சூசை பானட்டை மூடினான். "அண்ணாச்சி, இஞ்சின் இறுகிப்போச்சு. செலவழிச்சாலும் ஓடும்னு சொல்ல மாட்டேன். இரும்புக்குப் போட்டுருங்க. இல்ல, பிரிச்சுத்தான் பாக்கணுமா?"

வீரபாகு மனைவியைப் பார்த்தார். "நீ சொல்லு."

"நான் என்னத்தக் கண்டேன்? ஓடுன காலத்துல என்னைய ஒருநாள் இதுல ஏத்துனியளா?"

சொன்ன பிறகுதான் அவர் முகத்தைப் பார்த்தாள். சொல்லியிருக்க வேண்டாம்.

அவர் பின்கதவைத் திறந்து, முதலாளியம்மாவுக்குப் பிடிப்பதுபோலவே பிடித்துக்கொண்டு நின்றார். அவள் ஏறினாள். அவர் முன்னால் போய் உட்கார்ந்து கண்ணாடியைத் திருப்பி, அதில் அவளைப் பார்த்துக் கேட்டார்.

"எங்க போணும், அம்மா?"

தனபாக்கியத்துக்கு ஓர் ஊர்ப் பெயரும் வாயில் வரவில்லை. வெளியே நின்ற சூசை கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னால் போய், பல்லைக் கடித்துத் தள்ளத் தொடங்கினான். அவள் இரண்டு பாதங்களையும் அழுந்த ஊன்றிக்கொண்டு, பழம் நசுங்கும் சத்தத்துக்குக் காது கொடுத்தாள்.